ஆய்வுக்கு இடம் வேண்டும், மதிப்பெண் வேண்டாம்

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், ‘பிளாஸ்மா ஏற்பாடு செய்யுங்கள்’ என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அலைந்த குடும்பங்கள் இந்தியா முழுக்க இருந்தன. நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அந்தத் திரவத்துக்காக, ரத்தப் பிரிவைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்சினார்கள். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 அக்டோபரில், ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழில் விடை வந்துவிட்டது. எங்கோ வெளிநாட்டில் நடந்த ஆய்வல்ல அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., நம் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ‘பிளாசிட்’ ஆய்வு. பிளாஸ்மா ஏற்றப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. ஏற்றப்படாதவர்களில் 18 சதவீதத்தினருக்கு. அந்தப் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் போதுமான அளவு இல்லை என்று அப்போது ஒரு மறுப்பு எழுந்தது, நியாயமான மறுப்புதான். எதிர்ப்பொருள் அதிகமுள்ள பிளாஸ்மாவைப் பயன்படுத்திய பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் பலன் எதையும் காணவில்லை. இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17-ல்தான்.

இதற்கு மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூச்சுத் திணறும் நோயாளியும், ‘எதையாவது செய்யுங்கள் டாக்டர்’ என்று கையைப் பிடித்துக்கொள்ளும் உறவினரும், வழிகாட்டுதலைத் திருத்தாத அரசும் சேர்ந்து கொடுத்த நெருக்கடி அது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நல்ல ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது, காலத்தோடு முடிந்தது, யாரும் படிக்கும்படி இலவசமாக வெளியானது. அதை எடுத்துப் படித்து, எடைபோட்டு, வார்டில் நடப்பதை மாற்றிக்கொள்ளும் பழக்கம்தான் வாய்க்கவில்லை. அந்தப் பழக்கம் பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்ற கேள்வியை ஒருமுறையாவது தானே கேட்டு, கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, எண்ணிப் பார்த்து, தன் எண்ணிக்கையின் ஓட்டைகளைத் தானே கண்டு வெட்கப்பட்டவருக்குத்தான் அடுத்தவர் எண்ணிக்கையைச் சந்தேகிக்கவும் நம்பவும் தெரியும். அதனால்தான் எம்.பி.பி.எஸ். படிக்கும் காலத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஆய்வில் ஈடுபடும் வாய்ப்பு வேண்டும் என்கிறேன். கூடவே, அதற்கு மேல்படிப்புச் சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூடத் தரக் கூடாது என்றும் சொல்கிறேன். இரண்டாவது பாதிதான் பலருக்கும் பிடிக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று நம் மருத்துவ மாணவர் ஆய்வை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் பி.ஜி. சேர்ந்தபிறகு, ‘தீசிஸ்’ என்ற பெயரில். இரவுப் பணிக்கும் எமர்ஜென்சிக்கும் நடுவே, பட்டம் வாங்குவதற்கான நிபந்தனையாக அது வந்து நிற்கிறது. கேள்வி கைடு கொடுத்தது. பெரும்பாலும் முந்தைய ஆண்டு வேறொருவர் செய்ததன் மறுபதிப்பு. பரீட்சைக்கு முன் பைண்டிங் செய்து ஒப்படைத்ததும் நூலக அலமாரியில் அது ஓய்வெடுக்கிறது. இப்படி வளர்ந்தவர்களே நாளை கைடுகளாகிறார்கள். விளைவைக் காண டாக்டர் சமீரன் நந்தியும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் போதும். 2005 முதல் 2014 வரையிலான பத்து ஆண்டுகளில், இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332 நிறுவனங்களிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்ட 25 நிறுவனங்கள் மட்டுமே நாட்டின் மொத்த ஆய்வில் 40 சதவீதத்தைத் தந்தன. கட்டுரை எண்ணிக்கையே எல்லாம் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பத்தாண்டில் பூஜ்யம் என்பது தரம் குறைவு பற்றிய செய்தியல்ல. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் மருத்துவமனைகளில் அவர்களைப் பற்றி எழுதிவைக்க யாருக்கும் எதுவும் தோன்றவில்லை என்ற செய்தி.

வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.சி.எம்.ஆர். 1979-லேயே எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இளநிலை மாணவர் ஒரு கைடோடு சேர்ந்து திட்ட வரைவு அனுப்பி, தேர்வானால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை தரலாம். அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. உலகத்தின் பல நாடுகள் இதை யோசிக்காத காலத்தில் வந்த நல்ல திட்டம். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் ‘எலெக்டிவ்’ என்ற விருப்பக் காலத்தைச் சேர்த்தது. அதில் ஒரு பகுதியை நடப்பிலுள்ள ஆய்வு ஒன்றில் ஓர் ஆய்வாளரின்கீழ் கழிக்கலாம். முதலில் இரண்டு மாதமாக இருந்த அது பிறகு ஒரு மாதமாகச் சுருங்கியது. அதுவும் பதினைந்து நாள் வீதம் இரண்டு துண்டாக. பதினைந்து நாளில் நெறிமுறைக் குழுவின் பதில்கூட வராது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு முறைகளைக் கற்றுத்தரும் அடிப்படைப் பாடத்தை இணையவழியில் நடத்துகிறது. பி.ஜி. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டிருப்பது அது. உண்மையில் அதற்குச் சரியான வயது எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. முதலாண்டிலிருந்தே மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஒரே கிராமத்தில் நூறு, நூற்றைம்பது மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டு எடுக்கும் ரத்த அழுத்தமும் எடையும் ஹீமோகுளோபினும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய தகவல் களஞ்சியம்! அது லாக்புக்கில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துபோகிறது.

இருக்கும் வாய்ப்பும் யாரைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள், எஸ்.டி.எஸ். கிடைப்பது அவர்களில் மிகச் சிறிய பகுதிக்கு. விண்ணப்பம் எப்போது திறக்கும், எந்தப் பேராசிரியர் கையெழுத்திடுவார், வரைவை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் இருப்பதில்லை. சீனியர் சொன்னால் தெரியும். அப்பா மருத்துவராக இருந்தால் இன்னும் முன்பே தெரியும். தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் ஒரு மாணவி, துறைத்தலைவரின் அறைக் கதவைத் தட்டி ‘சார், எனக்கு ஓர் ஆய்வுத் திட்டம் வேண்டும்’ என்று தானாகக் கேட்பார் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு, அவரை வெளியே நிறுத்தும் ஏற்பாடுதான். எனவே ஆர்வமுள்ளவர் தேடிவரட்டும் என்பது போதாது. வாய்ப்பு கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும்.

ஆய்வு என்றதும் மரபணு வரிசைப்படுத்தும் கருவியும் கோடிக்கணக்கில் நிதியும் கண்முன் வருவதுதான் நம்முடைய பெரிய தடை. அவை இல்லாமலும் ஆய்வு நடக்கும் என்பதைச் சென்னைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-ல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. படுக்கைப் பற்றாக்குறையில் பிறந்தது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துச் சத்துணவும் ஓய்வும் தந்தால்தான் குணமாவார் என்று உலகம் நம்பிய காலம். நம்மிடம் அத்தனை படுக்கை இல்லை. அப்படியானால் வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து தந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். உடனிருந்த குடும்பத்தினருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் வந்த அந்த அறிக்கைக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. அதே மரபில்தான் 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வருகிறது. காசநோய் உறுதியானவுடனே எடை, மூச்சு, எழுந்து நிற்கும் வலு போன்ற எளிய அளவுகளை ஒரு தாளில் குறித்து, ஆபத்திலுள்ளவரை அன்றே மருத்துவமனையில் சேர்க்கும் முறை அது. அந்தத் தாளை நிரப்ப இரண்டாமாண்டு மாணவரால் முடியும். நிரப்பிய தாள்கள் என்ன சொல்கின்றன என்று கேட்கவும் முடியும்.

இதற்கு நடைமுறை வடிவம் என்ன? ஒவ்வொரு மாணவரும் தனித்தனி ஆய்வு செய்ய வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான அரைகுறைக் கருத்துக்கணிப்புகள்தான் மிஞ்சும். விடுதித் தோழர்களின் தூக்கம், செல்போன் பழக்கம் பற்றிய கேள்வித்தாள்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன. பிரிட்டனின் மருத்துவ மாணவர்கள் 2013-ல் வேறு வழி கண்டார்கள். ‘ஸ்டார்சர்ஜ்’ என்ற பெயரில் மாணவர்களே நடத்தும் கூட்டமைப்பைத் தொடங்கி, ஒரே கேள்வி, ஒரே படிவம், ஒரே இரண்டு வார காலம் என்று வகுத்துக்கொண்டார்கள். வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரும் வலிநிவாரணிகளால் சிக்கல் கூடுகிறதா என்பது முதல் கேள்வி. நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகத் தகவல் சேகரித்தார்கள். சுமார் 1,500 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அடுத்த ஆண்டே முன்னணி அறுவைச் சிகிச்சை இதழில் வெளியானது. ஆசிரியர் பெயராகக் கூட்டமைப்பின் பெயர். உள்ளே பங்கேற்ற அனைவரின் பட்டியல். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 11 கல்லூரிகள் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்டவை. ஒரே அரசு, ஒரே பல்கலைக்கழகம், ஏறத்தாழ ஒரே மருந்துப் பட்டியல். இப்படிப்பட்ட கூட்டாய்வுக்கு இதைவிட வசதியான களம் பிரிட்டனிலும் கிடையாது. கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. பாம்புக்கடியோடு வந்தவருக்கு முதல் விஷமுறிவு மருந்து ஏற எத்தனை நிமிடமாகிறது? 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அரசு அறிவித்தபின் இதை அறிய வேண்டியது கட்டாயமும்கூட. அறுவைக்கு முன் தர வேண்டிய ஆன்டிபயாடிக் உரிய நேரத்தில் தரப்படுகிறதா, அறுவை முடிந்தபின் எத்தனை நாள் தேவையின்றித் தொடர்கிறது? ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வருபவருக்கு அன்று அழுத்தம் பார்க்கப்பட்டதா? தர்மபுரியின் விடையும் தூத்துக்குடியின் விடையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், வேறுபாடு தானாகவே அடுத்த கேள்வியை எழுப்பும்.

மாணவர்களின் சுமை ஏற்கெனவே அதிகம் என்ற எதிர்ப்பு வரும். உண்மைதான், அதனால்தான் இது பாடநேரத்துக்குமேல் வரும் கூடுதல் வேலையாக இருக்கக் கூடாது. சமுதாய மருத்துவத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒரு பகுதியும் எலெக்டிவ் மாதமும் இதற்குப் போதும், எலெக்டிவைத் துண்டுபோடாமல் விட்டால். கைடுகள் எங்கே என்பது இன்னும் வலுவான கேள்வி. பத்தாண்டில் ஒரு கட்டுரையும் வெளியிடாத கல்லூரியில் வழிகாட்டத் தெரிந்தவர் இருப்பாரா? தனியாய்வுக்கு இருக்க மாட்டார். கூட்டாய்வின் நயமே அங்குதான் இருக்கிறது: வரைவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோ தேசிய தொற்றுநோயியல் நிறுவனமோ போன்ற அனுபவமுள்ள ஓரிடம் எழுதித்தரலாம், உள்ளூர் ஆசிரியருக்கு மேற்பார்வை மட்டுமே பொறுப்பு. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு ஒரு மருந்தைவிட இரு மருந்துகள் சேர்ந்தால் நல்லது என்று 2023-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வை முன்னின்று நடத்தியது வேலூர்தான். பல மருத்துவமனைகளை ஒரே படிவத்தில் கோப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. மாணவரோடு சேர்ந்து உள்ளூர் ஆசிரியரும் கற்றுக்கொள்வார் என்பதை வெளியே சொல்லாமல் விட்டால் இன்னும் நல்லது.

நோயாளியின் அந்தரங்கம், தகவலின் நம்பகத்தன்மை ஆகிய இரண்டு கவலைகளையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஐ.சி.எம்.ஆர்.-ன் 2017 நெறிமுறைகள், ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளை முழுக் குழுவும் கூடாமல் விரைவாகப் பரிசீலிக்க இடம் தருகின்றன. பெயரும் முகவரியும் இல்லாமல் கேஸ் ஷீட்டிலிருந்து நேரத்தையும் மருந்தளவையும் குறிக்கும் தணிக்கை அந்த வகையில் அடங்கும். 36 குழுக்கள் தனித்தனியே கூடி ஒரே வரைவைப் பார்ப்பதைவிட, ஒரு குழு பார்த்ததை மற்றவை ஏற்கும் ஏற்பாடு வேண்டும். மாணவர் எழுதிய தகவல் சரியா என்பதற்கு, ஒவ்வொரு கல்லூரியிலும் குறிப்பிட்ட விகிதத்தை வேறொருவர் மறுபடி சரிபார்ப்பதே வழி. பிரிட்டனிலும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் சரிபார்க்கும்போது பாதிக் கேஸ் ஷீட்டில் நேரமே எழுதப்படவில்லை என்று தெரியவரலாம். ஆய்வின் முதல் பயனாக அதுவே இருக்கட்டும்.

இனி மதிப்பெண் விவகாரம். ‘நீட் பி.ஜி.யில் ஆய்வுக்குப் புள்ளி இல்லாதவரை எந்த மாணவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். கோச்சிங் வகுப்புக்குப் போகாமல் எவர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார்?’ என்று நல்ல நோக்கமுள்ளவர்களே கேட்கிறார்கள். இருநூறு கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்வுசெய்யும் வேகம்தான் ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்ற அவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புள்ளி கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மேல்பயிற்சி இடங்களுக்கு ஆய்வு அனுபவமும் கணக்கில் வருகிறது. 2022-ல் நரம்பு அறுவைச் சிகிச்சையில் இடம்பிடித்த அமெரிக்க மாணவர்கள் தங்கள் விண்ணப்பங்களில் காட்டிய கட்டுரைகள், சுருக்கங்கள், மாநாட்டு உரைகளின் சராசரி இருபத்தைந்தைத் தொட்டது. இருபத்தைந்து! மருத்துவம் படித்துக்கொண்டே இத்தனை கேள்விகளுக்கு ஒருவர் நேர்மையாக விடை கண்டிருக்க முடியுமா? அதே ஆண்டு ஜனவரியில் முதல்கட்ட உரிமத் தேர்வில் மதிப்பெண் முறையை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தோல்வி மட்டும் என்று ஆக்கியதும், போட்டியின் முழுப் பாரமும் இன்னும் வேகமாகக் கட்டுரை எண்ணிக்கைமீது சாய்ந்தது. ஊதியமில்லாமல் ஓராண்டு ஆய்வுக்கென்று ஒதுக்க வசதியுள்ளவருக்கே அது சாதகம். பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. பட்டம் முடித்தவர்களுக்குப் பயிற்சியிடம் ஒதுக்கும்போது வெளியான கட்டுரைக்கும் கூடுதல் பட்டத்துக்கும் தந்துவந்த புள்ளிகளை 2023 சேர்க்கையிலிருந்து நீக்கிவிட்டது. நமக்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று மருத்துவ ஆசிரியர்களுக்கு விதி வந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்ததைப் பார்த்தோம். அதே விதியை இருபது வயது மாணவர்மீது வைத்தால், கல்லூரி வாசலில் தீசிஸ் எழுதித்தரும் கடைக்குப் பக்கத்தில் எம்.பி.பி.எஸ். கட்டுரைக்கும் ஒரு கடை திறக்கும்.

அப்படியானால் எதற்காகச் செய்வார்கள்? பாடநேரத்துக்குள் இருப்பதால் செய்வார்கள். வருகைப்பதிவு உண்டு, மற்ற பயிற்சிகளைப்போல முடித்தால் போதும், தரவரிசை கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், அதில் குறையொன்றும் இல்லை. சிலரை அது பிடித்துக்கொள்ளும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாணவராக இருந்த ஜே மெக்லீன், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடும் வேலையைப் பேராசிரியர் ஹாவலிடமிருந்து பெற்று, 1916-ல் நேர்மாறாக உறைவதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். இன்று இதயப் பிரிவு ஒவ்வொன்றிலும் இருக்கும் ஹெப்பாரினின் தொடக்கம் அது. கணையத்தின் தீவுத்திட்டுகளை 1869-ல் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸும் அப்போது பட்டத்துக்கான ஆய்வை எழுதிக்கொண்டிருந்த பெர்லின் மாணவர்தான். எல்லாரும் மெக்லீன் ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த இருவருக்கும் ஒரு மேசையும் கொஞ்ச நேரமும் ‘எதிர்பார்த்தது வரவில்லையே’ என்று போய்ச் சொல்ல ஒரு பெரியவரும் கிடைத்தார்கள். தனக்கு ஆய்வில் பிடிப்பு உண்டா என்பதை நம் மாணவர் அறிந்துகொள்ளவே முப்பது வயதாகிவிடுகிறது.

பணமோ கருவியோ அல்ல, மெமோதான் இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது. மாணவர்கள் நேர்மையாக எண்ணினால், ஏதோ ஒரு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து தாமதமாவது தெரியவரும். ஏதோ ஒரு வார்டில் ஆன்டிபயாடிக் ஒரு வாரம் தேவையின்றித் தொடர்வது வெளிப்படும். உடனே யாரிடம் விளக்கம் கேட்பது என்று ஒரு கோப்பு நகர்ந்தால், அடுத்த ஆண்டு எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாம் நூறு சதவீதம் சரியாக இருக்கும், தாளில். ஆகவே முதல் படிவம் அச்சாவதற்கு முன்பே ஓர் அரசாணை வேண்டும்: மாணவர் தணிக்கையில் கிடைக்கும் தகவலை எந்த மருத்துவர்மீதும் செவிலியர்மீதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது, முடிவுகள் முதலில் அந்தந்த வார்டில் வேலை செய்பவர்களுக்கு, தகவல் சேகரித்த மாணவர்களின் வாயாலேயே, ஒரு மாதத்துக்குள் சொல்லப்பட வேண்டும், கல்லூரிகளின் பெயரோடு கூடிய ஒப்பீடு அதற்குப் பிறகே வெளியாக வேண்டும். இதற்குச் சுகாதாரத் துறை ஒப்புக்கொள்ளுமா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.